ஊசி போட்டும் நிலைக்காத சர்க்கரை: நீரிழிவுப் பூனைகளின் உடலில் நடப்பது என்ன?

காலையில் 310, மாலையில் 120, மறுநாள் காலையில் 390. இன்சுலின் ஊசி போட்டுவரும் பூனையின் சர்க்கரைக் குறிப்பேட்டில் எண்கள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகின்றன. மருந்தின் அளவு மாறவில்லை, ஊசி போடும் நேரம் மாறவில்லை, தட்டில் வைத்த உணவும் அதேதான் என்று வீட்டார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பல வேளைகளில் உண்மையாகவும் இருக்கும். அப்படியும் எண் இறங்காதபோது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மருந்தளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. பூனையின் கல்லீரல், தோலுக்கடியில் இன்சுலின் கரையும் விதம், புட்டி, சிரிஞ்சு, அளக்கும் கருவி, அளக்கும் நேரத்தில் பூனைக்கு இருந்த அச்சம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்த ஒற்றை எண்ணை உண்டாக்குகின்றன. இவற்றில் எது அசைந்தது என்று பார்க்காமல் இன்சுலினை மட்டும் கூட்டுவது பூனையின் உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும்.

நலமாக உள்ள பூனையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 70 முதல் 120 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். இங்கே சொல்லும் சர்க்கரை எண்கள் எல்லாம் அதே அலகில்தான். பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகையை ஒத்தது. கணையம் இன்சுலின் சுரப்பதை அறவே நிறுத்திவிடுவதில்லை. சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்குவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட மேலும் மேலும் சுரந்து கணையத்தின் பீட்டா செல்கள் தளர்ந்துபோகின்றன. அவை அமைந்துள்ள திட்டுகளில் அமிலாய்டு என்னும் புரதமும் படிகிறது. எடை கூடிய, கருத்தடை செய்யப்பட்ட, ஏழெட்டு வயதைக் கடந்த ஆண் பூனைகளுக்கே இது அதிகம் வருகிறது. தொழுவமும் வைக்கோல் படப்பும் உள்ள வீட்டில் எலி பிடித்துத் திரியும் பூனையைவிட, திருநெல்வேலியின் பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ மாடி வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு இந்த வாய்ப்பு கூடுதல். ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நாம் ஊசியில் கொடுக்கும் இன்சுலினோடு பூனையின் சொந்த இன்சுலினும் கொஞ்சம் சேர்ந்தே வேலை செய்கிறது. அந்தக் கொஞ்சம் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை.

அடுத்தது கல்லீரல். பூனை முற்றிலும் இறைச்சியுண்ணி. அதன் நாக்கு இனிப்பை உணராது. உமிழ்நீரில் மாவுச்சத்தைப் பிரிக்கும் நொதி கிட்டத்தட்ட இல்லை. உணவுக்குப் பின் வெள்ளமாக வரும் குளுக்கோஸை விரைந்து பிடித்துவைக்கும் குளுக்கோகைனேஸ் என்ற நொதி மனிதரின் கல்லீரலில் தாராளமாக இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அதன் செயல்பாடு மிகக் குறைவு. மாறாக, புரதத்திலிருந்து குளுக்கோஸைத் தயாரிக்கும் வேலையைப் பூனையின் கல்லீரல் இரவும் பகலும் செய்துகொண்டே இருக்கிறது. ஆகவே சாப்பிடாமல் படுத்திருக்கும் பூனைக்கும் சர்க்கரை ஏறலாம்; மாவுச்சத்து உள்ள உணவைத் தின்றால் ஏறிய சர்க்கரை வடிய மனிதரைவிட நெடுநேரம் ஆகலாம்.

நம் பக்கத்து வீடுகளில் பூனைக்கென்று தனிச் சமையல் இருந்ததில்லை. பால்சோறு, மீன்குழம்பு பிசைந்த சோறு, சாளை மீனின் தலையும் முள்ளும் என்று வீட்டில் இருப்பதில் ஒரு பங்குதான் பூனைக்கு. நலமான பூனை அதைத் தின்று எலியையும் பிடித்துக் காலந்தள்ளிவிடும். நீரிழிவுப் பூனைக்கோ ஒரு கைப்பிடிச் சோறும் கணக்கில் வரும். “ஒரு வாய் பால்சோறு தின்னா என்ன ஆயிரும்?” என்று ஆச்சி கேட்பதில் பாசம் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு வாய் மாலை அளவீட்டில் தெரியும், அதைப் பற்றி அறியாதவர் இரவு ஊசியில் அரை யூனிட்டைக் கூட்டுவார், மறுநாள் சோறு கிடைக்காத பூனைக்கு அந்தக் கூடுதல் அரை யூனிட் மிகையாகிவிடும். கடையில் வாங்கும் உலர் தீவனமும் மாவுச்சத்துக்கு விலக்கல்ல. அது உருண்டையாக உருப்பெறவே மாவு வேண்டும். பல வகைகளில் எரிசக்தியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நீரிழிவுப் பூனைக்கு அது சுமார் 12 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. இன்சுலின் எடுத்துவரும் பூனைக்குச் சோற்றையும் உலர் தீவனத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு முழுக்க மீனும் கோழியும் கொடுத்தால், பழைய மருந்தளவு திடீரென்று அதிகமாகிச் சர்க்கரை அடிமட்டத்துக்கு விழுந்துவிடலாம். உணவு மாற்றத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ப அளவைக் குறைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

இனி இன்சுலினுக்கு வருவோம். பூனைகளுக்கென்றே உரிமம் பெற்ற இன்சுலின் வகைகள் வெளிநாடுகளில் உண்டு. இங்கே பெரும்பாலும் மனிதர்களுக்கான இன்சுலினையே மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். கால்நடை மருத்துவரின் சீட்டை எடுத்துக்கொண்டு சாதாரண மருந்துக்கடைக்குப் போகிறோம். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு வலிமைகளில் விற்கப்படுகிறது. பால்போல் கலங்கலாக இருக்கும் என்பிஹெச் இன்சுலினும், அதனுடன் விரைவில் வேலைசெய்யும் இன்சுலின் கலந்த 30/70 வகையும் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்ற புட்டியில் வருகின்றன. தெளிந்த நீர்போல் இருக்கும், நீண்டநேரம் வேலைசெய்யும் கிளார்ஜின் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 100 யூனிட். சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரண்டு வகை: சிவப்பு மூடி போட்டது 40-க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு. கடையில் அவசரத்தில் எது கைக்கு வந்ததோ அதைக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவரும் “இன்சுலின் சிரிஞ்சு” என்று மட்டும் கேட்கிறார்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திடுக்கிட வைக்கும். கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் “2” என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.05 மில்லிலிட்டர், அதில் இருப்பது 2 யூனிட் அல்ல, 5 யூனிட். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அது கொடிய அளவு. மாறாக, மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் “2” வரை இழுத்தால் பூனைக்குக் கிடைப்பது 0.8 யூனிட்தான். ஒரு வாரம் ஒரு சிரிஞ்சும் மறுவாரம் இன்னொரு சிரிஞ்சும் பயன்படுத்தும் வீட்டில் சர்க்கரை ஊஞ்சலாடுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. புட்டியின் மேல் அச்சிட்ட எண்ணும் சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு புதுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் பார்க்க வேண்டும்.

சரியான சிரிஞ்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளார்ஜின் ஒரு யூனிட் என்பது 0.01 மில்லிலிட்டர். டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே சிரிஞ்சைப் பிடித்துப் பார்த்தால், ஊசியின் அடியில் ஒரு மெல்லிய வளையமாகத்தான் அது தெரியும். கறுப்பு ரப்பரின் மேல்விளிம்பைக் கோட்டோடு பொருத்துவதா கீழ்விளிம்பைப் பொருத்துவதா என்ற குழப்பமே கால் யூனிட் வேறுபாட்டைக் கொண்டுவந்துவிடும்; ஊசிப் பக்கமாக உள்ள விளிம்பையே பொருத்த வேண்டும். கடுகளவு காற்றுக்குமிழி உள்ளே இருந்தால் மருந்தில் ஒரு நல்ல பங்கு குறைந்துபோகும். வீட்டில் இருவர் முறைவைத்து ஊசி போடுவதானால், இருவரும் ஒரே விதமாக அளக்கிறார்களா என்று ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நல்லது. அரை யூனிட் கோடுகள் உள்ள சிறிய சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்க வேண்டும்.

கலங்கலான இன்சுலினை ஊசியில் ஏற்றும் முன் புட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்ட வேண்டும். உருட்டாவிட்டால் மருந்து அடியில் தங்கும். புட்டியின் தொடக்கத்தில் நீர்த்ததும் முடிவில் செறிந்ததுமாக, ஒரே கோட்டில் வேறு வேறு அளவு பூனைக்குள் போகும். கிளார்ஜின் கதை வேறு. அது புட்டிக்குள் அமிலத்தன்மையோடு இருப்பதால் தெளிவாக இருக்கிறது; தோலுக்கடியில் சென்றதும் அமிலத்தன்மை மாறி நுண்ணிய படிவமாகி, அங்கிருந்து சிறுகச் சிறுகக் கரைகிறது. அதன் நீண்டநேர வேலைக்குக் காரணமே அந்தப் படிவம்தான். ஆகவே அதை நீர்க்கச் செய்யக்கூடாது, வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் இன்சுலினைப் பற்றிப் பேச முடியாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த கிளார்ஜின் 30 டிகிரிக்கு மிகாத அறையில் 28 நாள் தாங்கும் என்பது மனிதர்களுக்கான குறிப்பு. மே மாதத்தில் பாளையங்கோட்டை வெயில் 38, 40 டிகிரிக்குப் போகும்போது, ஓட்டு வீட்டிலோ மொட்டைமாடி அறையிலோ இரவில்கூட 30-க்குக் கீழே இறங்காது. வெப்பத்தில் கெட்ட இன்சுலின் பார்வைக்கு முன்போலவே இருக்கலாம். வேலை மட்டும் குறைந்துபோகும். அந்தப் புட்டியை வைத்துக்கொண்டு அளவை 2-லிருந்து 4 ஆக உயர்த்திவிட்டு, பிறகு புதுப் புட்டி வாங்கி அதே 4 யூனிட்டைப் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் ஊகிக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையிலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பின் பழைய புட்டியை நம்புவதைவிடப் புதிது வாங்கிவிடுவதே மேல். மின்சாரம் போகும் வேளையில் ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் புட்டியை வைத்தால் அறை வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். மனிதர்களின் இன்சுலினுக்கு நம் நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாகச் செய்துவருவது இது. குளிர்சாதனப் பெட்டியிலும் ஐஸ் அறையை ஒட்டி வைக்கக்கூடாது. உறைந்து உருகிய இன்சுலினைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் எண்கள் ஒரு நேர்கோட்டில் நிற்கமாட்டா. எந்த இன்சுலினும் ஏறுவதற்கும் உச்சத்தில் நிற்பதற்கும் இறங்குவதற்கும் நேரம் எடுத்துக்கொள்கிறது. பூனையின் உடல் இன்சுலினை மனித உடலைவிட விரைவாகச் செலவழித்துவிடும். எனவே மனிதருக்கு ஒரு நாள் முழுவதும் தாங்கும் கிளார்ஜினைப் பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். என்பிஹெச் வகையோ சில மணி நேரத்தில் சர்க்கரையை வேகமாக இறக்கிவிட்டு, அடுத்த ஊசிக்கு வெகுநேரம் முன்பே ஓய்ந்துவிடும். அதைப் போட்டுக்கொள்ளும் பூனைக்கு ஊசிக்கு முன் 400-உம் நடுவேளையில் 80-உம் இருப்பது வியப்பில்லை. ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் பார்த்து அளவைக் கூட்டுகிறவர், நடுவேளையின் 80-ஐ 40-க்குத் தள்ளுகிறார். இதனால்தான் மருத்துவர்கள் ஒரு நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து வரைகோடு போடச் சொல்கிறார்கள். அவர்கள் அதில் முதலில் தேடுவது மிகத் தாழ்ந்த எண்ணையும் அது விழும் நேரத்தையும்.

தோலுக்கடியில் சேரும் கிளார்ஜின் படிவம், குளத்தில் நிற்கும் நீரைப்போல. மதகை இன்று கொஞ்சம் கூடத் திறந்தாலும் கடைமடை வயலுக்கு அதன் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும். அளவை மாற்றிய மறுநாளே எண்ணைப் பார்த்து மீண்டும் மாற்றினால், எந்த மாற்றத்தின் விளைவைப் பார்க்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் உடனே குறைக்க வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. கூட்டுவதற்கு மட்டும் ஐந்து முதல் ஏழு நாள் பொறுப்பது நல்ல வழக்கம். மேலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே தோல் தடித்து மருந்து உறிஞ்சப்படுவது சீரற்றதாகும். பூனையின் அடர்ந்த முடிக்குள் குத்தி, ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து, மருந்து முழுவதும் முடியிலேயே வடிந்துவிடுவதும் உண்டு. முடி ஈரமாக இருந்து இன்சுலின் வாடை அடித்தால் அதுதான் நடந்திருக்கிறது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாத நிலையில் இன்னோர் ஊசி போடக்கூடாது; அந்த வேளையைத் தவறியதாகவே கொள்ள வேண்டும்.

சர்க்கரை மிகவும் தாழ்ந்தபின் உடல் தானே அதை மீட்க முயன்று உச்சத்துக்குத் தூக்கிவிடும் என்ற விளக்கத்தைப் பலரும் சொல்வார்கள். மனித நோயாளிகளைக் கவனித்து மைக்கேல் சொமோஜி என்ற உயிர்வேதியியலாளர் 1930-களில் முன்வைத்த கருத்து அது. குளுக்ககான், அட்ரினலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை சேர்ந்து கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியேற்றுகின்றன என்பது அதன் அடிப்படை. இந்த ஹார்மோன்களின் வேலை உண்மை. ஆனால் நீண்டநேர இன்சுலின் எடுக்கும் பூனைகளின் அளவீடுகளை ஆராய்ந்தபோது, தாழ்வைத் தொடர்ந்து நெடுநேரம் உச்சத்திலேயே நிற்கும் நிலை அரிதாகவே தென்பட்டது. ஒவ்வொரு உயர்ந்த எண்ணையும் இந்தப் பெயரால் விளக்கிவிடுவது சரியல்ல என்பதே என் எண்ணம். பெரும்பாலும் அந்த உயர்வு இன்சுலின் ஓய்ந்துவிட்டதால் வந்தது.

அளவீட்டிலும் பிழை இருக்கிறது. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டருக்குரிய பன்னாட்டுத் தரவிதியே, 100-க்கு மேற்பட்ட எண்களில் 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ காட்டுவதை ஏற்றுக்கொள்கிறது. உண்மை அளவு 300 என்றால் கருவி 260 என்றாலும் 340 என்றாலும் அது பழுதாகிவிடவில்லை. மனித இரத்தத்தில் குளுக்கோஸ் சிவப்பணுக்களுக்குள்ளும் கணிசமாக இருக்கிறது. பூனையின் இரத்தத்தில் ஏறத்தாழ முழுவதும் பிளாஸ்மாவில்தான் இருக்கிறது. ஆகவே மனிதருக்கான கருவி பூனையின் சர்க்கரையைப் பொதுவாகக் குறைத்தே காட்டும். அதற்காகக் கருவியைத் தூக்கியெறிய வேண்டாம். எப்போதும் ஒரே கருவியில் அளந்து, போக்கைக் கவனித்தால் போதும். காது விளிம்பை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அரை நிமிடம் ஒற்றி, துளி பரவாமல் இருக்க இம்மியளவு வாசலின் தடவி, விளிம்பில் ஓடும் இரத்தக்குழாயை ஒட்டிக் குத்தினால் கடுகுபோல் ஒரு துளி நிற்கும். பெரும்பாலான பூனைகள் சில நாளில் இதற்குப் பழகிவிடுகின்றன.

வீட்டிலேயே அளப்பதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின், நீரிழிவே இல்லாத பூனைக்கும் சர்க்கரையை 300-க்கு மேல் ஏற்றிவிட வல்லது. தென்காசியிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ கூடையில் அடைத்து, பேருந்தின் ஹாரனையும் வெக்கையையும் தாங்கி, திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்து, நாய்கள் குரைக்கும் வராந்தாவில் காத்திருக்கவைத்து எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தால், அதில் நோயின் பங்கு எவ்வளவு, பயணத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த ஓர் எண்ணைக் கொண்டு பிரிக்க முடியாது. கடந்த ஓரிரு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை அங்கே உதவும். அதைவிட உதவுவது வீட்டுக் குறிப்பேடு. சிறுநீரைக் கொண்டு மட்டும் அளவை முடிவு செய்வது போதாது. இரத்தத்தில் சுமார் 250-ஐத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மருந்து ஏறிக்கொண்டே போகிறது, சர்க்கரை அசையவில்லை என்றால் வேறு நோயைத் தேட வேண்டும். ஈறு அழற்சி, சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி ஆகியவை இன்சுலினின் வேலையைத் தடுக்கும். தோல் அரிப்புக்குப் போட்ட நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி பல வாரங்களுக்குச் சர்க்கரையை உயர்த்தி வைத்திருக்கும். வேறொரு மருத்துவரிடம் போட்டதாக இருந்தாலும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகலி நாம் நினைப்பதைவிட அதிகம். பிரிட்டனில் 1,200-க்கு மேற்பட்ட நீரிழிவுப் பூனைகளைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு அது இருக்கலாம் என்று மதிப்பிட்டது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தும் எடை கூடிக்கொண்டே போகும் பூனைக்கு இதைச் சந்தேகிக்கலாம்.

கடைசியாக ஒன்று, நல்ல செய்தியும் ஆபத்தும் சேர்ந்தது. நெடுநாள் உயர்ந்திருக்கும் சர்க்கரையே பீட்டா செல்களை முடக்கிவைக்கிறது. மருந்தும் உணவும் பொருந்திச் சர்க்கரை சில வாரம் தாழ்ந்திருந்தால், அந்தச் செல்களில் எஞ்சியவை மீண்டும் சுரக்கத் தொடங்கும். நேற்றுவரை பொருத்தமாக இருந்த 2 யூனிட் இன்று மிகையாகும். பூனை தள்ளாடும், ஒளிந்துகொள்ளும், தசை துடிக்கும், வலிப்பும் வரலாம். அளந்து 60-க்குக் கீழே இருந்தாலோ, அளக்க நேரமில்லாமல் அறிகுறி தெரிந்தாலோ, குளுக்கோஸ் கரைசலையோ தேனையோ ஈறில் தடவ வேண்டும். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். விழுங்கும் நிலைக்கு வந்ததும் உணவு கொடுத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சாப்பிடாத பூனைக்கும் வாந்தியெடுக்கும் பூனைக்கும் வழக்கமான முழு அளவை மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இப்படித் தேவை குறைந்துகொண்டே வந்து இன்சுலின் இன்றியே வாழத் தொடங்கும் பூனைகள் உண்டு. நோய் கண்டவுடன் சிகிச்சையும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் தொடங்கியவற்றுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். அவற்றில் சிலவற்றுக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நோய் திரும்பவும் வருகிறது. ஆகவே ஊசி நின்ற பிறகும் வாரத்துக்கு ஒருமுறையாவது காதில் குத்தி அளந்து குறித்துவைப்பதையும், எடையைக் கவனிப்பதையும், சோற்றுப் பக்கம் விடாமல் இருப்பதையும் நிறுத்தக்கூடாது.